எங்கே நிற்கிறோம்? படம் பார்த்து இடம் சொல்லும் விளையாட்டும் நாமும்

"எங்கே நிற்கிறீர்கள்?"

அவசர உதவிக்குத் தொலைபேசி எடுப்பவரிடம் கேட்கப்படும் முதற் கேள்விகளுள் ஒன்று இது. நோர்வேக்குப் புதிதாக வந்து சேர்ந்த எம்மவர் பலருக்கு இதற்கு விடை சொல்வதே பெரும்பாடு. வீதியின் பெயர் வாயில் நுழைவதில்லை. பலகையில் உள்ளதை எழுத்துக் கூட்டி வாசித்தாலும் இங்குள்ளவர்கள் அதை உச்சரிக்கும் விதம் வேறாக இருக்கும். மார்கழி மாதத்தில் பனி கொட்டிவிட்டால் எல்லா வீதியும் ஒரே வீதி, எல்லா வீடும் ஒரே வீடு. கடைசியில் பத்து வயதுப் பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுத்து, "நீயே சொல்லு" என்று விடுகிறோம்.

இடம் தெரியாமல் நிற்பது எமது சமூகத்துக்குப் பழக்கப்பட்ட துன்பம்தான். இரவோடு இரவாக மூடிய வாகனத்தில் ஏற்றப்பட்டு, விடியற்காலையில் ஏதோ ஒரு வீதியோரத்தில் இறக்கிவிடப்பட்டு, "இதுதான் நீங்கள் கேட்ட நாடு" என்று சொல்லிச் சென்ற முகவரை நம்பி நடந்தவர்கள் எம்மிடையே உண்டு. 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி, கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். சுற்றிலும் மூடுபனி. கரை எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு பலகைகூட இல்லை.

அன்று எமது மக்களைத் தவிக்க வைத்த அந்தக் கேள்வியை இன்று எமது பிள்ளைகள் கணனித் திரையில் விளையாட்டாக விளையாடுகிறார்கள். இந்த விளையாட்டைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது என்று நாம் கருதுகிறோம். இதனாற் கிடைக்கும் பயன் பிள்ளைகளைக் காட்டிலும் பெற்றோருக்கே அதிகம் என்பதும் எமது எண்ணம்.

விளையாட்டு எப்படி?

கூகிள் நிறுவனம் 2007ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் ஒரு புதிய சேவையைத் தொடங்கியது. கூரையில் புகைப்படக் கருவி பூட்டிய கார்கள் வீதி வீதியாக ஓடி, நாற்புறமும் படம் எடுத்துத் தள்ளின. அப்படங்களை வரைபடத்தோடு இணைத்து, வீட்டில் இருந்தபடியே ஒரு வீதியில் நின்று சுற்றிப் பார்ப்பது போன்ற வசதியைச் செய்தார்கள். இன்று உலகின் பெரும்பகுதி அந்தப் படங்களுக்குள் அடங்கிவிட்டது. இலங்கையின் வீதிகள் 2016இல் சேர்ந்தன. 2022 யூலையில் சென்னை உட்பட இந்தியாவின் பத்து நகரங்களில் இச்சேவை தொடங்கியது.

இந்தப் படங்களை வைத்து 2013இல் சுவீடன் நாட்டவரான அன்டொன் வலேன் என்பவர் ஒரு விளையாட்டை உருவாக்கினார். ஜியோகெஸர் என்பது அதன் பெயர். உலகத்தின் ஏதோ ஒரு வீதியில் உங்களைக் கொண்டுபோய் விடுவார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள். சுற்றிப் பார்த்து, இது எந்த இடம் என்று ஊகித்து, உலக வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நீங்கள் வைத்த புள்ளிக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள தூரம் குறையக் குறையப் புள்ளிகள் கூடும். ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 5,000. ஐந்து சுற்றுக்கு 25,000.

உலகெங்கும் இதற்கு ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். 2023இல் ஸ்ரொக்ஹோமில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டியும் நடந்தது. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் படத்தை ஒரு நொடி பார்த்தவுடன் நாட்டைச் சொல்லிவிடுவார். பார்ப்பவருக்கு அது மந்திரம் போலத் தோன்றும். அவர் செய்வதெல்லாம் நாம் கவனிக்காமல் விடும் சிறு அடையாளங்களைக் கவனிப்பதுதான். அதை யாரும் பழகலாம்.

எவற்றைப் பார்ப்பது?

முதலில் வாகனங்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று பாருங்கள். இலங்கை, இந்தியா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர், ஜப்பான், தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளில் இடப்பக்கம். ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் வலப்பக்கம். பக்கத்து நாடான சுவீடன்கூட முன்பு இடப்பக்கம் ஓடிய நாடுதான். 1967 செப்டெம்பர் 3ஆம் திகதி ஒரே நாளில் நாடு முழுவதும் வலப்பக்கத்துக்கு மாறியது. ஊரில் வீதியைக் கடக்கும்போது முதலில் வலப்புறம் பார்த்துப் பழகிய எமது கழுத்துக்கு இந்த மாற்றம் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் புதிதாக வந்தவர்கள் நன்கு அறிவார்கள்.

அடுத்தது வீதியிற் கீறியுள்ள கோடு. நோர்வேயில் எதிரெதிராக ஓடும் வாகனங்களைப் பிரிக்கும் நடுக்கோடு மஞ்சள். சுவீடனில் அது வெள்ளை. நோர்வேயில் ஊர்களுக்கு வழிகாட்டும் பலகைகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்து. சுவீடனில் நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. ஆபத்தை எச்சரிக்கும் முக்கோணப் பலகைக்கு நோர்வேயில் வெள்ளைப் பின்னணி, சுவீடனில் மஞ்சள். எல்லையைத் தாண்டிச் சாமான் வாங்கப் போகிறவர்கள் அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள். எல்லைப் பலகையைப் பார்க்கத் தவறினாலும் நாடு மாறிவிட்டதை வீதியே சொல்லும்.

எழுத்தும் காட்டிக்கொடுக்கும். வட்டத்தின் ஊடே சாய்கோடு கீறிய எழுத்தைக் கண்டால் அது நோர்வே அல்லது டென்மார்க். வட்டத்தின் மேல் இரு புள்ளி வைத்திருந்தால் சுவீடன், பின்லாந்து, ஜேர்மனி என்று யோசிக்கலாம். தலையில் சிறு வளையம் சூடிய எழுத்து நோர்வே, டென்மார்க், சுவீடன் மூன்றுக்கும் பொது. அந்த ஒரே எழுத்தையே பெயராகக் கொண்ட ஊர் ஒன்று வடக்கே லோபோத்தன் தீவுகளில் இருக்கிறது. ஏறத்தாழ எமது 'ஓ' போல உச்சரிப்பார்கள். சிற்றாறு என்பது பொருள்.

வீதிச் சந்தியில் நிற்கும் சிவப்பு எண்கோணப் பலகையைப் பாருங்கள். பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் அதில் 'அரே' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். பிரெஞ்சு மொழியின் தாயகமான பிரான்சிலோ 'ஸ்ரொப்' என்று இருக்கும். தாய்நாட்டில் இருப்பவரைவிட வெளியே சிறுபான்மையாக வாழ்பவர்கள் மொழியை இறுகப் பிடித்துக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குத் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்லும் பெற்றோருக்கு இது புரியும்.

கார்களின் இலக்கத் தகடுகளை இப்படங்களில் வாசிக்க முடியாது. முகங்களையும் இலக்கங்களையும் கணனி மறைத்துவிடும். ஆனால் நிறம் தெரியும். முன்னும் பின்னும் மஞ்சள் என்றால் நெதர்லாந்து அல்லது லக்சம்பேர்க். முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்றால் பிரித்தானியாவாக இருக்கலாம். இலங்கையிலும் அப்படியே. நோர்வேயில் பொருள் ஏற்றும் வான்களுக்குப் பச்சைத் தகடு.

கடைசியாகச் சூரியன். இங்கே நண்பகலிற் சூரியன் தெற்கில் நிற்கும், நிழல் வடக்கே விழும். அவுஸ்திரேலியாவில் இருக்கும் உங்கள் தங்கையின் வீட்டிலோ வெயில் வடக்குப் பக்க ஜன்னலால் வரும். எமது ஊர் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் ஆண்டில் இரு தடவை சூரியன் உச்சிக்கு நேரே வரும். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும்.

ஊர்ப்பெயரில் ஒளிந்திருக்கும் நிலம்

புதிதாக வந்தவர்களை மலைக்க வைப்பவை இங்குள்ள ஊர்ப்பெயர்கள். ஆனால் எமது ஊர்ப்பெயர்களைப் போலவே இவையும் நிலத்தைச் சொல்லும் பெயர்கள்தான். காங்கேசன்துறை என்றால் கப்பல் வந்து சேரும் துறை. கல்முனை என்றால் முனை. மாங்குளம் என்றால் குளம். நெடுந்தீவுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இங்கும் அப்படியே. 'விக்' என்று முடிந்தால் சிறுகுடா. நார்விக் அப்படி ஒரு ஊர். 'நெஸ்' என்றால் நீருக்குள் நீண்ட முனை. 'சுன்ட்' என்றால் இரு நிலங்களுக்கு இடையிலான ஒடுங்கிய கடல். ஹௌகசுன்ட், கிறிஸ்தியான்சுன்ட் ஆகியவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். 'டால்' பள்ளத்தாக்கு. 'ஓய்' தீவு. 'வெய்' என்று முடிந்தால் வீதி, 'காத்தா' என்று முடிந்தால் நகரத் தெரு, 'பிளாஸ்' என்றால் சதுக்கம்.

இந்த ஏழெட்டுச் சொற்களைத் தெரிந்துகொண்டால், வாயில் நுழையாத நீண்ட பெயர் இரண்டு மூன்று துண்டாக உடைந்து எளிதாகிவிடும். 80களின் பிற்பகுதியிலும் 90களிலும் வடக்கே பின்மார்க் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எம்மவர்கள் மொழி வகுப்புக்குப் போகும் முன்பே இப்பெயர்களைப் பழகிக்கொண்டது இப்படித்தான். அகராதி வழியாக வந்த அறிவல்ல அது. பஸ் ஏறி இறங்கி வந்தது.

அம்மாவின் பனையும் மகனின் கோடும்

அண்மையில் ஒரு வீட்டில் தாயும் மகனும் இவ்விளையாட்டை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய் குடும்ப இணைவில் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மகன் தகப்பனோடு முன்னரே வந்தவன். திரையில் வயல்வெளி. வரப்பெல்லாம் பனைகள். தாயின் முகம் மலர்ந்துவிட்டது.

"பனை நிக்குது. உது எங்கட பக்கம்தான். வேற எங்க பனை நிக்கும்?"

"அம்மா, மோட்டார் சைக்கிளைப் பாருங்கோ. வலப்பக்கமா ஓடுது. எங்கட ஊரெண்டால் இடப்பக்கமெல்லோ?"

தாய் சற்று யோசித்தார். "அப்ப பனையும் வயலும் இருக்கிற, வலப்பக்கம் ஓடுற நாடு எது?"

மகன் புள்ளியைக் கம்போடியாவில் வைத்தான். சரியாக இருந்தது. பனை கம்போடியாவின் தேசிய மரம் என்பதை அன்று அந்த வீட்டார் அறிந்துகொண்டார்கள். அங்கும் பனஞ்சீனி காய்ச்சுகிறார்கள், ஓலையில் ஏடு எழுதினார்கள் என்று பேச்சு நீண்டது.

அன்று நாம் கண்டது இதுதான். மகனுக்கு வீதி விதி தெரியும், ஆனால் திரையில் நின்றது பனையா தென்னையா என்று பிரித்தறியத் தெரியாது. தாய்க்கு மரம் தெரியும், கோட்டின் நிறம் தெரியாது. இருவரில் ஒருவர் தனியே ஆடியிருந்தால் தோற்றிருப்பார். இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் கடிதம் வாசிப்பது, வைத்தியரிடம் பேசுவது, ரிக்கற் எடுப்பது எல்லாவற்றுக்கும் பிள்ளையின் கையைப் பார்த்து நிற்கும் தாய்க்கு, பிள்ளை தன்னிடம் "இது என்ன மரம் அம்மா?" என்று கேட்கும் இடம் ஒன்று வேண்டும். செம்மண்ணையும் களிமண்ணையும், வாழையையும் கமுகையும், விதைப்புக் காலத்தையும் அறுவடைக் காலத்தையும் பார்த்தவுடன் பிரித்தறியும் அறிவு இங்கே எந்த அலுவலகத்திலும் செல்லுபடியாவதில்லை. இந்த விளையாட்டில் அதற்குப் புள்ளி உண்டு.

தமிழ் எழுத்தும் அப்படித்தான். ஒரு கடைப் பலகையில் தமிழ் தெரிந்தால் உலகத்தில் சில இடங்களே மிஞ்சும். அருகே சிங்களமும் இருந்தால் இலங்கை. 'வீதி' என்று இருந்தால் எமது பக்கம், 'சாலை' என்று இருந்தால் தமிழ்நாட்டுப் பக்கம் சாயலாம். ஒரே அறிவித்தலில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கும் நின்றால் சிங்கப்பூர் என்று துணிந்து புள்ளி வைக்கலாம். தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இங்கே வகுப்பு நண்பர்களிடம் இல்லாத பலம் இருக்கிறது.

ஊர் வீதியைத் தேடும்போது

இப்படங்கள் கைக்கு வந்ததும் எம்மவர் முதலிற் தேடுவது சொந்த ஊரைத்தான். ஏ9 வீதி வழியே போய், தெரிந்த சந்தியிற் திரும்பி, ஒழுங்கை முகப்பு வரை போகலாம். கார் நுழையாத ஒழுங்கைக்குள் படம் இராது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். திரையில் தெரிவது கார் அந்த வழியால் போன நாளின் காட்சி. படம் எடுத்த மாதமும் ஆண்டும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு முன் இருந்ததும் அதில் இல்லை, பின் வந்ததும் இல்லை.

வீடு இருந்த இடத்தில் பற்றையைக் காண நேரலாம். ஆகவே வயதானவர்களுக்குக் காட்டுவதானால், முதலில் நீங்கள் தனியே பார்த்துவிட்டு, பிறகு பக்கத்தில் இருந்து காட்டுங்கள். அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டு எழுதி வையுங்கள். எந்தக் கிணறு யாருடையது, எந்த மதகடியில் பஸ் நின்றது என்பதெல்லாம் எந்தக் காரும் படம் பிடிக்காத செய்திகள்.

புதியவர்களுக்கு உடனடிப் பயன்

விளையாட்டை விட்டுவிட்டாலும் இந்தப் படங்களைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். நாளை வைத்தியரிடம் போக வேண்டுமா? இன்றிரவே திரையில் அந்தப் பாதையால் ஒரு தடவை நடந்து பாருங்கள். பஸ் நிற்கும் இடம், கடக்க வேண்டிய மஞ்சட் பலகை, மூலைக் கடை, கட்டடத்தின் வாசல் ஆகியவற்றை மனதிற் பதித்துக்கொள்ளுங்கள். பாடசாலை, வேலை நலன்புரி அலுவலகம், மொழி வகுப்பு எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்யலாம். முன்பே பார்த்த வீதியில் நடக்கும்போது பயம் பாதியாகக் குறையும்.

வெளியே போகும்போது மூன்று விடயங்களைப் பார்த்துப் பழகுங்கள். ஒன்று, பஸ் தரிப்பிடத்தின் பெயர். இங்கே ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் பெயர் உண்டு. இரண்டு, வீதியின் பெயரும் அருகிலுள்ள வீட்டின் இலக்கமும். மூன்று, நகருக்கு வெளியே என்றால் வீதி இலக்கம். ஐரோப்பிய வீதிகளும் அரச பெருவீதிகளும் பச்சைப் பலகையிலும், மாகாண வீதிகள் வெள்ளைப் பலகையிலும் குறிக்கப்பட்டிருக்கும்.

தீயணைப்புக்கு 110, பொலிசுக்கு 112, நோயாளர் வண்டிக்கு 113 என்பவற்றைத் தொலைபேசிக்கு அருகில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் சொந்த முகவரியையும் அதன் கீழே எழுதுங்கள். பதற்றத்தில் அதுவும் மறந்து போகும். கைத்தொலைபேசியில் 'யெல்ப் 113' என்ற செயலியை இறக்கி வைத்தால், அதன் மூலம் அழைக்கும்போது நீங்கள் நிற்கும் இடத்தை அது மருத்துவ உதவி நிலையத்துக்குத் தெரிவிக்கும்.

ஒரு எச்சரிக்கை

இவ்விளையாட்டு இன்னொரு உண்மையையும் கற்றுத் தருகிறது. ஒரு மின்கம்பமும் ஒரு துண்டு வீதியும் போதும், நீங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க. அமெரிக்கரான ட்ரெவர் ரெயின்போல்ட் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர், பலர் அனுப்பும் பழைய குடும்பப் படங்கள் எங்கே எடுக்கப்பட்டவை என்று கண்டுபிடித்துக் கொடுத்து நன்றி பெற்றிருக்கிறார். அதே திறமை தீய எண்ணம் உள்ளவரிடமும் இருக்கலாம்.

எம்மிடையே தாம் வாழும் இடம் பிறருக்குத் தெரியக்கூடாது என்று நினைக்க நியாயமான காரணம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். வழக்கு முடியாமல் காத்திருப்பவர்கள், ஊரில் உள்ள உறவினருக்குத் தொல்லை வரும் என்று அஞ்சுபவர்கள், வன்முறையான குடும்பத்தை விட்டு விலகி வந்த பெண்கள் ஆகியோர். இவர்களின் ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி, வாசலில் நின்று எடுத்த பிறந்தநாட் படம், பாடசாலைச் சீருடை அல்லது விளையாட்டுக் கழகச் சட்டை போட்ட பிள்ளையின் படம் ஆகியவற்றைப் பொதுவில் போடாதீர்கள். அவர்களோடு சேர்ந்து எடுத்த படத்தைப் போடுமுன் அவர்களைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு இதை உபதேசமாகச் சொன்னால் காதில் ஏறாது. எங்கோ எடுத்த குடும்பப் படம் ஒன்றைக் கொடுத்து, "இது எங்கே எடுத்தது என்று கண்டுபிடி" என்று விடுங்கள். கண்டுபிடித்த பிறகு அவர்களுக்கே விளங்கும்.

உங்கள் வீடு கூகிள் படத்தில் தெளிவாகத் தெரிவது பிடிக்கவில்லையென்றால், அதை மங்கலாக்கும்படி அந்நிறுவனத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒருமுறை மங்கலாக்கினால் பிறகு பழையபடி ஆக்க முடியாது. ஜேர்மனியில் 2010இல் இச்சேவை தொடங்கியபோது சுமார் 244,000 வீட்டார் இப்படிக் கேட்டுத் தம் வீடுகளை மறைத்தார்கள்.

செலவில்லாமல் ஆடுவது எப்படி?

ஜியோகெஸரைத் தாராளமாக ஆடுவதானாற் சந்தா கட்ட வேண்டும். பிள்ளை கேட்டவுடன் கட்டிவிட வேண்டாம். கூகிள் வரைபடத்தை வைத்து வீட்டிலேயே ஆடலாம். ஒருவர் கணனியில் ஏதாவது ஒரு நாட்டைத் தெரிந்து, மூலையில் இருக்கும் மஞ்சள் மனித உருவத்தைத் தூக்கி ஒரு வீதியில் விட வேண்டும். திரையின் இடப்பக்க மேல்மூலையில் இடத்தின் பெயர் வரும். அதை ஒரு கடதாசித் துண்டால் மறைத்துவிடுங்கள். மற்றவர்கள் காரணம் சொல்லி இடத்தை ஊகிக்க வேண்டும். காரணம் சொல்லாமற் சரியான விடை சொன்னால் அரைப் புள்ளி. பிழையான விடைக்கும் நல்ல காரணம் சொன்னால் அதற்கும் அரைப் புள்ளி. சிறு பிள்ளைகளுக்கு நாடுகளை விட்டு, நீங்கள் வாழும் ஊரின் வீதிகளையே கொடுங்கள். பாட்டன் பாட்டி இருந்தால் அவர்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறவினர் ஐந்தாறு நாடுகளில் சிதறி வாழும் குடும்பங்கள் எம்முடையவை. ரொறன்ரோவில் மாமா, பாரிசில் சித்தி, லண்டனில் பெரியப்பா, சிட்னியில் மச்சாள். ஒவ்வொருவர் வீட்டு வீதியையும் ஒரு சுற்றாக வைத்து ஆடிப் பாருங்கள். பெயரளவில் மட்டும் தெரிந்த உறவுகள் எந்த மரத்தடியில் பஸ்சுக்குக் காத்து நிற்கிறார்கள் என்று பிள்ளைகள் காண்பார்கள்.

வருகிற வார இறுதியில் முயன்று பாருங்கள். திங்கட்கிழமை பஸ்சில் ஏறும்போது தரிப்பிடத்தின் பெயரை வாய்விட்டு ஒருதரம் சொல்லிப் பாருங்கள். உச்சரிப்புப் பிழைத்தாற் பிள்ளை திருத்தும். திருத்தட்டும்.